எழுதாமல் விட்ட மருந்து

தான்சானியாவில் ஒரு சிறிய சுகாதார நிலையம். பெஞ்சில் வரிசையாகத் தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எம்.பி.பி.எஸ். டாக்டர் அல்ல, மூன்றாண்டு டிப்ளமா படித்த கிளினிக்கல் ஆபீசர். அந்த நாட்டில் நோயாளி முதலில் சந்திப்பது பெரும்பாலும் இவரைத்தான். எதிரே தாயின் மடியில் 20 மாதக் குழந்தை, எடை 10 கிலோ. மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும். (எந்தத் தனிக் குழந்தையின் கதையும் இல்லை இது. அங்கே அன்றாடம் நடப்பதை வைத்து நான் வரைந்த மாதிரி.)

ஆபீசர் குழந்தையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணத் தொடங்குகிறார். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இருபது நொடியில் குழந்தை அழுகிறது. அழும் குழந்தையின் மூச்சு கணக்கில் சேராது என்பதால் தாய் சமாதானப்படுத்தும்வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார். 46 வருகிறது.

அடுத்து என்ன செய்வது என்பதை இந்த 46தான் தீர்மானிக்கும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களின் நடுவில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தைநலக் கையேட்டில் விதி எளிமையாக இருக்கிறது. இருமல் உள்ள குழந்தைக்கு 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 மூச்சு, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 மூச்சு. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று வகைப்படுத்தி அமாக்சிசிலின் கொடு. நம் குழந்தையின் எடைக்கு 250 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு இரு வேளை, ஐந்து நாள்.

இந்த விதியைக் கேலி செய்வது எளிது, ஆனால் நியாயமில்லை. 1980களில் பாப்புவா நியூ கினியில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் தேடியது எக்ஸ்ரேயும் ஆய்வகமும் டாக்டரும் இல்லாத இடத்தில் எந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஓர் அடையாளத்தை. வேகமான மூச்சு அப்படிக் கிடைத்த அடையாளம். கடிகாரமும் கண்ணும் போதும். நிமோனியாவில் செத்துக்கொண்டிருந்த எத்தனையோ குழந்தைகளுக்கு அதனால் உரிய நேரத்தில் மருந்து கிடைத்தது. ஒரு குழந்தையையும் தவறவிடக் கூடாது என்று பின்னிய வலை அது. அதனால் தேவையில்லாதவர்களும் ஏராளமாக அதில் சிக்கினார்கள். காய்ச்சல் ஏறினாலே மூச்சு வேகம் கூடும். சாதாரண வைரஸ் சளியிலும் கூடும், வீசிங்கிலும் கூடும்.

எவ்வளவு பேர் தேவையில்லாமல் சிக்குகிறார்கள் என்பது 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவர் வலேரி தாக்ரெமோன் தலைமையிலான குழு, தார் எஸ் சலாம் நகரத்திலும் இஃபகாரா என்ற சிற்றூர்ப் பகுதியிலும் காய்ச்சலோடு வந்த 1,005 குழந்தைகளை முடிந்த எல்லாச் சோதனைகளாலும் துருவிப் பார்த்தது. 70.5 விழுக்காட்டினருக்கு வைரஸ் நோய். பாக்டீரியா நோய் 22 விழுக்காட்டினருக்கு. பத்தில் ஆறு பேருக்குச் சுவாசத் தொற்று இருந்தது. ஆனால் அந்தச் சுவாசத் தொற்றுகளில் எக்ஸ்ரேயில் உறுதியான நிமோனியா 5 விழுக்காடுதான்.

அப்படியானால் அந்த ஊர்ச் சுகாதார நிலையங்களில் எத்தனை குழந்தைகள் ஆன்டிபயாடிக்கோடு வீடு திரும்பினார்கள்? தார் எஸ் சலாமில் வழக்கமான சிகிச்சை பெற்ற காய்ச்சல் குழந்தைகளின் ஒரு குழுவில் 94.9 விழுக்காடு பேர்.

கையேட்டின் விதிப்படி நடந்தாலே இவ்வளவு வராது. ஆகவே இது விதியின் குறை மட்டுமல்ல. இதில் மலேரியாவுக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகள் ஆப்பிரிக்காவில் சிறு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா என்றே வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துவந்தார்கள். சோதித்து உறுதி செய்த பிறகே மலேரியா மருந்து என்று 2010இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் கால் மணி நேரத்தில் விடை சொல்லும் பட்டைகள் கிராமம் வரை போயின. மலேரியா மருந்து குறைந்தது. ஆனால் பட்டை ‘மலேரியா இல்லை’ என்று சொன்னதும் ஆபீசருக்குப் புதிய சிக்கல் முளைத்தது. எதிரே இருப்பது காய்ச்சல் குழந்தை. மலேரியா இல்லையென்றால் வேறென்ன? பட்டைக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. கை ஆன்டிபயாடிக் பக்கம் போனது. ஆப்பிரிக்காவிலும் ஆப்கானிஸ்தானிலும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2017இல் வெளியான அலசலில், மலேரியாச் சோதனை நுழைந்த இடங்கள் பலவற்றில் ஆன்டிபயாடிக் எழுதுவது கூடியிருந்தது தெரிந்தது. ஒரு நல்ல சோதனை ஒரு மருந்தின் வீணடிப்பைத் தடுத்து இன்னொரு மருந்தின் வீணடிப்பைத் தூண்டிவிட்டது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவதற்கு இது முக்கியம். ஆன்டிபயாடிக் வீணாக எழுதப்படுவதை அறியாமை என்றே பெரும்பாலும் பேசுகிறோம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்பது அந்த ஆபீசருக்கு நன்றாகத் தெரியும். எதிரே இருப்பது வைரஸா என்பதுதான் தெரியாது. தவறவிட்டால் குழந்தை செத்துப்போகும், பழி அவர் மேல் விழும். எழுதிக் கொடுத்தால் நேரும் கெடுதியோ, கிருமிகளின் எதிர்ப்புச் சக்தியாக எங்கோ, எப்போதோ, யாருக்கோ நேரும். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது. அந்த எண் மேசைக்கு எதிரே வந்து உட்காராது, குழந்தைதான் உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில் நானும் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பேன்.

அப்படியானால் கருவி ஒன்று செய்ய வேண்டிய வேலை பாடம் நடத்துவதல்ல. கொடுக்காமல் அனுப்புவது பத்திரமானது என்று நம்பக் காரணம் ஒன்றை அவர் கையில் தர வேண்டும்.

தாக்ரெமோனின் குழுவும் தான்சானியச் சகாக்களும் இதைப் படிப்படியாக முயன்றார்கள். முதலில் கையேட்டைச் செம்மைப்படுத்தி மொபைல் திரையில் ஏற்றிய ‘அல்மனாக்’. அடுத்து ‘இ-பாக்ட்’ என்ற டேப்லெட் கருவி. பிறகு வயது வரம்பையும் நோய்களையும் விரித்த ‘இபாக்ட் பிளஸ்’. இவை செயற்கை நுண்ணறிவு அல்ல. இன்று எதைத் தொட்டாலும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். இது கிளை பிரியும் கேள்வி மரம். ஒவ்வொரு கிளையையும் மருத்துவர்கள் உட்கார்ந்து விவாதித்து வரைந்திருக்கிறார்கள். ஏன் இந்தக் கேள்வி, ஏன் இந்த எண் என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.

நம் 20 மாதக் குழந்தை இந்த மரத்தில் எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். டேப்லெட் முதலில் அபாய அறிகுறிகளைக் கேட்கிறது. குழந்தை பால் குடிக்க முடியாமல் இருக்கிறதா? எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? துவண்டு கிடக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் பேச்சே வேறு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இங்கே எல்லாம் ‘இல்லை’. எடை, வெப்பம், மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிந்ததும் ஆக்சிஜன் அளவு கேட்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. மலேரியாப் பட்டையில் இல்லை என்று வருகிறது. பழைய கையேடாக இருந்தால் இருமலும் 46ம் சேர்ந்து அமாக்சிசிலினில் முடிந்திருக்கும். இங்கே இன்னொரு கேள்வி நடுவில் நிற்கிறது: சி.ஆர்.பி. எவ்வளவு?

சி.ஆர்.பி. என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரில் அதைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் கிருமியின் செல் சுவரில் உள்ள ‘சி’ என்று பெயரிட்ட சர்க்கரைப் பொருளோடு அது படிந்து திரண்டது. உடலில் எங்காவது அழற்சி மூண்டதும் கல்லீரல் இதைச் சுரக்கத் தொடங்கும். நல்ல உடலில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும். கடுமையான பாக்டீரியாத் தொற்றில் ஓரிரு நாளில் நூறைத் தாண்டும். வைரஸ் சளியில் பொதுவாக அவ்வளவு ஏறாது.

‘பொதுவாக’ என்ற சொல்லைப் போட்டே ஆக வேண்டும். அடினோ வைரஸ் சி.ஆர்.பி.யைத் தாராளமாக ஏற்றும், மலேரியாவும் ஏற்றும். பாக்டீரியாத் தொற்று ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் அது தாழ்ந்தே இருக்கும். ஆகவே காய்ச்சலோடு வந்த எல்லோருக்கும் இதைச் செய்து, எண்ணைப் பார்த்து மருந்து எழுதினால் பழைய குளறுபடி புதிய வேடத்தில் வரும். எந்தக் குழந்தைக்கு இந்தச் சோதனை செய்வது, எந்த எண்ணுக்கு மேல் பொருட்படுத்துவது என்பதை மரம் சொல்கிறது. சோதனையும் மரமும் சேர்ந்ததால்தான் இது பலித்தது என்பது என் வாசிப்பு. இ-பாக்ட்டில் மூச்சு வேகமான குழந்தைக்கு நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுக்க சி.ஆர்.பி. 80 தொட வேண்டும். நம் குழந்தையின் விரலில் எடுத்த சொட்டு ரத்தம் சில நிமிடத்தில் 14 என்று காட்டுகிறது. திரையில் வைரஸ் சுவாசத் தொற்று என்றும், பாராசிட்டமால் இவ்வளவு என்றும் எடைக்குக் கணக்கிட்ட அளவோடு வருகிறது. எந்த நிலை வந்தால் உடனே திரும்ப வர வேண்டும் என்று தாய்க்குச் சொல்ல வேண்டியவையும் வருகின்றன. கீழே ஆபீசருக்கு இரண்டு வழிகள்: நோயின் பெயரை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்துவிட்டுத் தன் முடிவைத் தானே பதியவும் இடம் உண்டு.

2017இல் வெளியான தார் எஸ் சலாம் ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்ட மூவாயிரத்துச் சொச்சம் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு அல்மனாக், பாதிப் பேருக்கு இ-பாக்ட் என்று பார்த்தார்கள். முதல் நாளே ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் அல்மனாக் பக்கம் 29.7 விழுக்காடு, இ-பாக்ட் பக்கம் 11.5. மருந்து குறைந்ததால் குழந்தைகள் மோசமானார்களா? ஏழாம் நாளில் தேறாதவர்கள் அல்மனாக் பக்கம் 4.1, இ-பாக்ட் பக்கம் 2.3. குறைவாக மருந்து வாங்கிய பக்கமே நன்றாக இருந்தது.

இங்கே ஒரு சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். ஆய்வு நடக்கிறது என்று தெரிந்த இடத்தில் எல்லோரும் ஒழுங்காகத்தான் நடப்பார்கள். சாதாரண சுகாதார நிலையத்தில், சாதாரண ஆள், நாற்பதாவது குழந்தையைப் பார்க்கும் மத்தியானத்தில் என்ன ஆகும்? அதைத்தான் அடுத்து சோதித்தார்கள். எம்பேயா, மொரோகோரோ மாவட்டப் பகுதிகளில் 40 முதல்நிலைச் சுகாதார நிலையங்கள். இருபதில் இபாக்ட் பிளஸ், இருபதில் வழக்கம்போல். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 11 மாதம், 44,000க்கும் மேற்பட்ட வருகைகள். 2024இல் முடிவு வந்தது. வழக்கமான நிலையங்களில் ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் 70.1 விழுக்காடு, கருவி இருந்த இடங்களில் 23.2. ஏழாம் நாளில் தேறாதவர்கள் 3.8க்கு 3.7. கருவி கொடுத்த நிலையங்களில் எல்லா வருகைகளிலும் அதைத் திறக்கவில்லை. திறக்காமல் பார்த்த குழந்தைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. அதனால் இதன் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

இவ்வளவு பெரிய வீழ்ச்சியை இந்தத் துறையில் அரிதாகவே பார்த்திருக்கிறோம். அது எவ்வளவு அரிது என்று தெரிய, கொஞ்சம் பின்னோக்கியும் கொஞ்சம் மேற்கேயும் போக வேண்டும்.

மருத்துவமும் கணினியும் சேர்ந்த வரலாற்றில் ஆன்டிபயாடிக்குக்குத் தனி இடம் உண்டு. 1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்ற மருத்துவ மாணவர், கணினியில் மருத்துவ அறிவைப் புகட்டும் முதல் முயற்சிகளில் ஒன்றாக மைசின் என்ற நிரலை உருவாக்கினார். அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஸ்டான்லி கோஹன், பின்னாளில் மரபணு ஒட்டு நுட்பத்தால் உலகப் புகழ் பெற்ற அதே கோஹன். ரத்தத் தொற்றுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எந்தக் கிருமி காரணமாக இருக்கலாம், எந்த மருந்து, எவ்வளவு என்று நூற்றுக்கணக்கான ‘இப்படியானால் அப்படி’ விதிகளைக் கொண்டு அது யோசித்தது. ‘ஏன் இதைக் கேட்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்டால் எந்த விதியால் என்று காரணமும் சொன்னது. இன்றைய பல கருவிகளுக்கு இந்த மரியாதை தெரியாது.

1979இல் அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பத்து மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரங்களை மைசினிடமும் ஸ்டான்ஃபோர்ட் நிபுணர்களிடமும் கொடுத்து, யார் எழுதியது என்று மறைத்து, வெளியூர் வல்லுநர்கள் எட்டுப் பேரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். மைசினின் பரிந்துரைகளில் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவை என்றார்கள். ஐந்து ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்களின் மதிப்பெண் 42.5 முதல் 62.5 வரை. கணினி ஜெயித்துவிட்டது. ஆனால் அது ஒரு நோயாளிக்குக்கூட வார்டில் பயன்படவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் அரை மணி நேரம் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்ய யாருக்கு நேரம்? தப்பானால் பொறுப்பு யாருடையது?

மைசின் விடை தேடிய கேள்வி ‘எந்த மருந்து?’ என்பது. மருத்துவமனையில் சரியான கேள்வி அதுதான், அங்கே நோயாளிக்கு மருந்து தேவை என்பது பெரும்பாலும் முடிவான விஷயம். சுகாதார நிலைய மேசையில் கேள்வி ‘மருந்து வேண்டுமா, வேண்டாமா?’ என்பது. முதல் கேள்விக்கு அறிவு போதும். இரண்டாம் கேள்விக்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க வழி வேண்டும். ஆன்டிபயாடிக் மென்பொருள் செய்கிறவர்கள் பலர் இன்னும் முதல் கேள்வியில் நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் டாக்டர், கணினி, ஆய்வகம் எதற்கும் பஞ்சமில்லை. அங்கே 79 குடும்ப மருத்துவர் நிலையங்களில் ‘ரெட்யூஸ்’ என்ற ஆய்வு நடந்து 2019இல் முடிவு வந்தது. சுவாசத் தொற்று என்று பதிந்ததும் கணினித் திரையில் ஆலோசனை எழும். ஒவ்வொரு நிலையத்துக்கும் தாங்கள் எவ்வளவு எழுதினோம் என்ற அறிக்கை போகும். ஆன்டிபயாடிக் 12 விழுக்காடு குறைந்தது. ஆனால் 15 வயதுக்குக் கீழும் 85க்கு மேலும் ஒன்றும் குறையவில்லை. பயம் எங்கே அதிகமோ அங்கே திரை எடுபடவில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். பிறகு ‘சிகோ’ என்ற ஆய்வு வந்தது. இருமலோடு வரும் குழந்தைக்கு அடுத்த 30 நாளில் மருத்துவமனையில் சேரும் அபாயம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லி, பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கையும் தரும் கருவி. கிட்டத்தட்ட 300 நிலையங்களில் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தபோது கருவி இருந்த நிலையங்களும் இல்லாதவையும் ஏறக்குறைய ஒரே அளவு மருந்து கொடுத்திருந்தன. நல்ல கருவி, நல்ல அறிவியல், பலன் பூஜ்யம்.

திரையில் எழும் எச்சரிக்கைகளின் கதி நமக்குத் தெரிந்ததுதான். சினிமாவில் கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கும்போது கீழே ஓடும் ‘புகைப்பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு’ வரியைப் போல. மருந்து எழுதும் கணினிகளில் வரும் பாதுகாப்பு எச்சரிக்கைகளை டாக்டர்கள் 49 முதல் 96 விழுக்காடு வரை தள்ளிவிட்டுப் போவதாக 2006இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது.

அமெரிக்காவில் இன்னொரு பக்கமாக யோசித்தார்கள். பாஸ்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் 47 முதல்நிலை மருத்துவ நிலையங்கள், 248 மருத்துவர்கள். தேவையற்ற சுவாசத் தொற்று ஆன்டிபயாடிக்கைக் குறைக்க மூன்று உத்திகளை 18 மாதம் ஓடவிட்டு 2016இல் வெளியிட்டார்கள். முதல் உத்தி: ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தால், அதற்குப் பதில் இதையெல்லாம் எழுதலாமே என்று திரை பட்டியல் தரும். இரண்டாவது: ஏன் எழுதுகிறீர்கள் என்று திரை கேட்கும், நீங்கள் தட்டும் காரணம் நோயாளியின் பதிவேட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஏறும். ஒன்றும் எழுதாமல் விட்டால் ‘காரணம் தரப்படவில்லை’ என்று ஏறும். மூன்றாவது: மின்னஞ்சல். குறைவாக வீணாக்கும் முன்னணி மருத்துவர்களில் நீங்கள் ஒருவர் அல்லது ஒருவர் அல்ல என்று மாதந்தோறும் சொல்லும். சும்மா மாற்று யோசனை சொன்ன முதல் உத்தி, ஒன்றும் செய்யாத நிலையங்களை விட உறுதியாக மேல் என்று காட்ட முடியவில்லை. மற்ற இரண்டும் வேலை செய்தன. தகவல் தந்தது தோற்றது. சக டாக்டர் பார்ப்பார், சக டாக்டரை விடப் பின்தங்குவோம் என்ற உறுத்தல் ஜெயித்தது.

இதே குழுவினர் அதற்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு காகிதப் போஸ்டரை ஒட்டிப் பார்த்தார்கள். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுத மாட்டேன் என்ற வாக்குறுதி, கீழே டாக்டரின் படமும் கையெழுத்தும், பரிசோதனை அறைச் சுவரில். போஸ்டர் ஒட்டாதவர்களோடு ஒப்பிட்டால் தேவையற்ற மருந்து ஏறக்குறைய 20 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. அதில் மென்பொருள் ஒரு வரிகூட இல்லை. டிஜிட்டல் கருவிகளைப் பற்றிய அத்தியாயத்தில் இதைச் சொல்வது அச்சானியம்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

தான்சானியாவுக்குத் திரும்புவோம். பிரிட்டனில் 12 விழுக்காடு, இங்கே மூன்றில் ஒரு பங்காக வீழ்ச்சி. ஒரு காரணம் வெளிப்படை: எழுபதிலிருந்து இறங்க இடம் நிறைய. இரண்டாவது, அந்த டேப்லெட் தனியாகப் போகவில்லை. சி.ஆர்.பி. சோதனை, ஆக்சிமீட்டர், ஹீமோகுளோபின் சோதனை கூடவே போயின. பயிற்சி கொடுத்தார்கள். வழிகாட்டிகள் தொடர்ந்து பேசினார்கள். உங்கள் நிலையம் இவ்வளவு எழுதுகிறது, பக்கத்து நிலையம் இவ்வளவு என்று கணக்கும் காட்டினார்கள். பாஸ்டனில் ஜெயித்த உறுத்தல் இங்கேயும் இருந்தது. இதில் மரத்துக்கு எவ்வளவு, சோதனைக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வில் வழியில்லை. அரசாங்கம் ஒன்று இதை வாங்க வரும்போது முதலில் வெட்டுவது வழிகாட்டியின் பயணப்படியாகத்தான் இருக்கும். அதை வெட்டிய பிறகும் 23 விழுக்காடு நிற்குமா என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இன்னொரு கவலை பதிவுகளின் தரம். இந்தத் திட்டத்தின் நீண்டகால ஆசை, சேரும் ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கொண்டு மரத்தையே அவ்வப்போது திருத்துவது. டெங்கு பரவும் மாதத்தில் ஒரு கிளை, மலேரியா அடங்கிய ஊரில் வேறொரு கிளை. நல்ல ஆசை. ஆனால் ஒரு நிமிடம் எண்ணச் சொன்னால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது அவசரத்தில் இருக்கும் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்த நிலையத்தின் பதிவுகளில் ஒற்றைப்படை எண்ணே இருக்காது. ஒரு மூச்சு தவறினால் கணக்கில் இரண்டு தவறும். 40 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் அது ஒரு குழந்தையைக் கோட்டின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளிவிடும். இத்தகைய எண்களிலிருந்து கற்கும் நிரல், குழந்தைகளைப் பற்றிக் கற்பதை விட ஆபீசரின் அவசரத்தைப் பற்றிக் கற்கலாம்.

மருந்துச் சீட்டு குறைந்ததை அளந்தார்கள். ஊரில் உலவும் கிருமிகளின் எதிர்ப்பு குறைந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆண்டுகள் ஆகும், நாற்பது நிலையங்கள் போதாது.

இந்தியாவிலும் இந்த வகைக் கருவிகள் நுழைந்திருக்கின்றன. ஆக்சிமீட்டரையும் இத்தகைய கேள்வி மரத்தையும் முதல்நிலைச் சுகாதார நிலையங்களில் சேர்த்துச் சோதித்த ‘டிம்சி’ என்ற பன்னாட்டுத் திட்டத்தில் கென்யா, செனகல், தான்சானியாவோடு உத்தரப் பிரதேசமும் ஒரு களமாக இருந்தது.

கடைசியாக, மருந்து எழுதாத சீட்டோடு வெளியே வரும் தாயைப் பற்றி. தான்சானியாவில் 2003இல் ருவூமா பகுதியில் தொடங்கி நாடு முழுதும் பரவிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஊர்ப்புற மருந்துக் கடைக்காரர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுத்து, அமாக்சிசிலின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளை விற்கவும் அனுமதித்தார்கள். மருந்தே கிடைக்காத ஊர்களுக்கு அது பெரிய உதவி. குழந்தைக்குக் காய்ச்சல் நான்காம் நாளும் விடவில்லையென்றால், சுகாதார நிலையத்துக்கு மறுபடி நடப்பதா, தெருமுனைக் கடையில் கேட்பதா என்று தாய் யோசிப்பாள். ‘எந்த நிலையில் திரும்ப வர வேண்டும்’ என்று டேப்லெட்டின் கடைசித் திரை சொல்லச் சொன்னதை ஆபீசர் நிதானமாகச் சொல்லியிருந்தால் அவள் திரும்பி வர வாய்ப்பு உண்டு. நாற்பதாவது குழந்தையின் முறை வரும்போது அந்தத் திரைதான் முதலில் அவசரமாகத் தாண்டப்படும்.

அதே கேள்வி மரத்தைக் கடையிலும் வைத்தால் என்ன என்று கேட்கலாம். தொழில்நுட்பத்தில் தடை ஒன்றுமில்லை. ஆனால் சுகாதார நிலைய ஆபீசருக்கு மருந்து எழுதினாலும் எழுதாவிட்டாலும் மாதக் கடைசியில் அதே சம்பளம். கடைக்காரருக்கு அப்படியல்ல.